ஒரே தடத்தில் பல வேகங்கள்: நெடுநேரக் கார் பந்தயமும் பிரிவுகளின் நியாயமும்

2024 ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் நகரில் 62 கார்கள் ஒன்றாகப் புறப்பட்டு 24 மணி நேரம் ஓடின. அவற்றில் 23 கார்கள் ‘ஹைப்பர்கார்’ எனப்படும் உச்சப் பிரிவைச் சேர்ந்தவை. ஃபெராரி, டொயோட்டா, போர்ஷே போன்ற நிறுவனங்கள் பந்தயத்துக்கென்றே வடிவமைத்தவை அவை. அடுத்த 16 கார்கள் ‘எல்எம்பி2’ பிரிவு. எல்லாவற்றிலும் ஒரே வகை எஞ்சின், கட்டுப்படுத்தப்பட்ட செலவு. மீதி 23 கார்கள் ‘எல்எம்ஜிடி3’, அதாவது ஷோரூமில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தவை. 13.626 கிலோமீட்டர் நீளமுள்ள தடமும் இரவும் மழையும் எல்லோருக்கும் பொது. பரிசு மட்டும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்த்துப் பழகிய ரசிகருக்கு இங்கே ஒரு கேள்வி உடனே எழும்: வேகமான கார்களின் போட்டிக்கு நடுவே மெதுவான கார்களை ஏன் விட வேண்டும்? பிரிவுக்கு ஒரு பந்தயம் வைத்தால் போட்டி தெளிவாக இருக்காதா? இருக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். பல பிரிவுகள் கலந்து ஓடுவதிலிருந்துதான் இந்த விளையாட்டுக்கே உரிய திறமை பிறக்கிறது. நூறாண்டுகளாக அதைச் சாகாமல் காத்துவந்ததும் அந்தக் கலப்புதான். அதைக் கைவிட்ட ஒவ்வொரு முறையும் இந்த விளையாட்டு பெரிய விலை கொடுத்திருக்கிறது.

முதல் பந்தயத்தின் விதிகளிலேயே இதற்கான வேர் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் கிராண்ட் பிரீ கார்கள், மக்கள் வாங்கி ஓட்டும் கார்களிலிருந்து வெகுதூரம் விலகிப் போய்விட்டன. சாதாரணக் காரின் விளக்கு, பிரேக், மின்னிணைப்பு, எஞ்சின் ஆகியவற்றின் உழைப்பைச் சோதிக்க ஒரு பந்தயம் வேண்டும் என்று லெ மான் ஆட்டோமொபைல் சங்கத்தின் ஜார்ஜ் துராண், பத்திரிகையாளர் சார்ல் ஃபரூ, ரட்ஜ்-விட்வர்த் சக்கர நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளையைச் சேர்ந்த எமில் கொக்கீய் ஆகிய மூவரும் முடிவெடுத்தனர். 1923 மே 26ஆம் தேதி மழையில் 33 கார்கள் புறப்பட்டன. அவற்றுள் 5.3 லிட்டர் எஞ்சின் பூட்டிய பெல்ஜியத்தின் எக்ஸெல்சியரும் இருந்தது, 1.1 லிட்டர் சால்ம்சனும் இருந்தது. மறுநாள் மாலை 30 கார்கள் பந்தயத்தை முடித்தன. லகாஷும் லெயோனாரும் ஓட்டிய ஷெனார்-வால்க்கர் 2,209 கிலோமீட்டர் ஓடி முன்னணியில் நின்றது. ஆனாலும் அந்த ஆண்டு வெற்றியாளர் என்று ஒருவரையும் அதிகாரபூர்வமாக அறிவிக்கவில்லை. எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ப ஒவ்வொரு காருக்கும் ஒரு குறைந்தபட்சத் தூரம் விதிக்கப்பட்டது. அதை எட்டியவர்கள் அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்குத் தகுதி பெற்றார்கள். கோப்பை மூன்றாண்டு முயற்சியைக் கணக்கில் எடுத்துத் தரப்படும். எது வேகமான கார் என்ற கேள்வியைவிட, தனக்குக் கிடைத்த எஞ்சினைக் கொண்டு எந்தக் கார் எவ்வளவு சாதித்தது என்ற கேள்வியே அமைப்பாளர்களுக்கு முக்கியமாக இருந்தது.

அதிகத் தூரம் ஓடியவரே வெற்றியாளர் என்ற வழக்கம் பின்னர் நிலைபெற்றபோதும் பழைய கேள்வி மறையவில்லை. எஞ்சின் அளவோடு ஒப்பிட்டு மதிப்பிடும் ‘செயல்திறன் குறியீடு’ என்ற தனிப் பரிசு பல பத்தாண்டுகள் நீடித்தது. 1950களில் 750 சிசியைத் தாண்டாத டிபி-பனார்ட் போன்ற சின்னஞ்சிறு பிரெஞ்சுக் கார்கள் அதற்காகவே லெ மானுக்கு வந்தன, பரிசும் வென்றன. உள்ளூர்க் கார்களுக்குச் சாதகமான கணக்கு என்று ஆங்கிலேயர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயமும் உண்டு, ஏனெனில் ஒரு சூத்திரத்தை எழுதுகிறவர் விரும்பினால் யாருக்கும் சாதகமாக எழுதிவிடலாம். அமெரிக்காவில் 1950 டிசம்பர் 31 அன்று ஃப்ளோரிடாவின் செப்ரிங் விமான தளத்தில் நடந்த ஆறு மணி நேரப் பந்தயம் இன்னும் துலக்கமான சான்று. அங்கே வென்றது 724 சிசி எஞ்சின் கொண்ட கிராஸ்லி ஹாட் ஷாட். அதைவிட அதிகத் தூரம் ஓடிய கார்கள் இருந்தும், விகிதக் கணக்கின்படி முதல் பரிசு அதற்கே போனது. பார்வையாளர் கண்ணால் கண்டதும் கணிதம் சொன்னதும் வேறுவேறாக இருந்தால் பரிசுக்கு மதிப்புக் குறைந்துவிடும். பிரிவுகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தன. பெரியதையும் சிறியதையும் ஒரே தராசில் ஏற்றாமல், சிறியதற்குத் தன்னை ஒத்தவற்றோடு போட்டியிட ஓர் இடம் கொடுத்தன. அந்தப் போட்டியில் யார் முன்னால் என்பதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த இடம் எவ்வளவு விளைநிலமாக இருந்தது என்பதற்குப் போர்ஷேயின் வரலாறு போதும். 1951இல் போர்ஷே முதன்முறையாக லெ மானுக்கு வந்தது. ஒகுஸ்ட் வெயிலேயும் எட்மோன் மூஷும் ஓட்டிய 356, ஒட்டுமொத்த வரிசையில் 20ஆவது இடம்தான். ஆனால் 1,100 சிசி பிரிவில் அதுவே முதல். போர் முடிந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில், கையளவு கார்களைத் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு சிறு ஜெர்மன் நிறுவனம் ‘லெ மான் வெற்றி’ என்று விளம்பரம் செய்துகொள்ள அந்த ஒரு பிரிவு வழி செய்தது. ஒட்டுமொத்த வெற்றி அதற்கு 1970இல்தான் கைகூடியது. இடைப்பட்ட 19 ஆண்டுகளும் அது சிறு எஞ்சின் பிரிவுகளில் வென்று, அடுத்த பெரிய எஞ்சினுக்கு ஏறி, மீண்டும் வென்று வளர்ந்தது. இன்று லெ மானில் அதிக ஒட்டுமொத்த வெற்றிகள், மொத்தம் 19, போர்ஷேக்கு உரியவை. முதல் இடத்துக்கு மட்டுமே மதிப்பு என்ற விதி இருந்திருந்தால், 1951இல் 20ஆம் இடத்தில் வந்த நிறுவனம் மறுபடி வருவதற்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

வரலாற்று நியாயம் இப்படி இருக்க, விளையாட்டு நியாயம் தடத்தின் மேலேயே இருக்கிறது. ஒரு சிறு கணக்கு அதைக் காட்டும். உலர்ந்த தடத்தில் ஒரு ஹைப்பர்கார் ஒரு சுற்றை 3 நிமிடம் 28 வினாடியிலும், ஒரு ஜிடி3 கார் 3 நிமிடம் 58 வினாடியிலும் முடிப்பதாகக் கொள்வோம். உண்மை நிலவரத்துக்கு இது நெருக்கமான மதிப்பீடு. வித்தியாசம் 30 வினாடி என்றால், ஏறத்தாழ 27 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஹைப்பர்கார் அதே ஜிடி காரை மீண்டும் பிடித்துவிடும். 24 மணி நேரத்தில் 50 முறைக்கு மேல். ஜிடி கார்கள் 23 என்றால், ஒரே ஒரு ஹைப்பர்கார் சுமார் 1,200 முறை முந்த வேண்டும். எல்எம்பி2 கார்களோடு வித்தியாசம் குறைவு. ஆனாலும் முந்நூறு முறைக்கு மேல் முந்த வேண்டியிருக்கும். பிட் நிறுத்தங்களுக்கும் பாதுகாப்பு கார் வரும் நேரத்துக்கும் தாராளமாகக் கழித்தாலும் எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே இறங்குவது அரிது. இதை ஜிடி ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால், சராசரியாக ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஹைப்பர்கார் பின்னாலிருந்து வந்து அவரைக் கடக்கிறது. அதே நேரத்தில் அவர் தன் பிரிவில் முன்னால் போகும் காரைத் துரத்திக்கொண்டும் இருக்கிறார். இவ்வளவு முந்துதல்களை ஒற்றைப் பிரிவுப் பந்தயம் எதுவும் ஓர் ஓட்டுநரிடம் கேட்பதில்லை.

முந்துதல் ஒவ்வொன்றும் ஒரு தீர்மானம். லெ மானின் நீண்ட நேர்ச்சாலையில் ஜிடி காரைப் பிடித்தால் நேர இழப்பே இல்லை; விலகிக் கடந்துவிடலாம். அதே காரைப் ‘போர்ஷே வளைவுகள்’ தொடங்கும் இடத்தில் பிடித்தால் கதை வேறு. அங்கே அகலம் குறைவு, வளைவுகள் ஒன்றையொன்று தொட்டு வருகின்றன. பின்னாலேயே ஒட்டிப் போனால் சில வினாடிகள் போய்விடும், துணிந்து உள்ளே நுழைந்தால் காரே போய்விடலாம். அதனால் தேர்ந்த ஓட்டுநர் அரைக் கிலோமீட்டர் தூரத்திலேயே கணக்குப் போடத் தொடங்குகிறார்: இப்போது கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, வளைவு முடியும் இடத்தில் பிடித்தால் இழப்பு குறையுமா? எதிராளிக்கு அந்தக் கார் எந்த இடத்தில் குறுக்கே வரும்? மெதுவான காருக்கான நெறி எளியது: தன் வழக்கமான கோட்டிலேயே போக வேண்டும், வழிவிடுகிறேன் என்று திடீரென ஒதுங்கக் கூடாது. பாதுகாப்பாகக் கடப்பது வேகமானவரின் பொறுப்பு. இரவில் பின்னால் வருவது யாருடைய விளக்கு, எந்தப் பிரிவு, எவ்வளவு வேகம் என்று கண்ணாடியில் பிரித்தறிவது கடினம். இதற்காகவே அமெரிக்காவின் கார்வெட் அணி 2013இல் தன் ஜிடி காரின் பின்புறத்தில் ரேடார் பொருத்தியது. நெருங்கி வரும் கார் ஓட்டுநருக்கு முன்னுள்ள திரையில் அம்புக்குறியாகத் தெரியும். அது எந்தப் பக்கமாகக் கடக்கப் போகிறது என்பதையும் அந்தக் குறி காட்டும். முன்னால் பார்த்து ஓட்டுவதைப் போலவே பின்னால் பார்த்து ஓட்டுவதும் ஒரு கலை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் இல்லை.

இந்தக் கலை பந்தயத்தின் முடிவையே தீர்மானிக்கும் என்பதை 2011 லெ மான் காட்டியது. ஆடி மூன்று கார்களை அனுப்பியிருந்தது. முதல் மணி நேரத்திலேயே டன்லப் வளைவுப் பகுதியில் ஆலன் மெக்னிஷ் ஒரு ஜிடி ஃபெராரியைக் கடக்கும்போது மோதி, கார் தடுப்பில் பாய்ந்து சிதைந்தது. இரவில் மைக் ராக்கன்ஃபெல்லர், இந்தியானாபோலிஸ் வளைவை நோக்கிய அதிவேகப் பகுதியில் இன்னொரு ஜிடி ஃபெராரியைக் கடக்கும்போது உரசினார். அந்தக் காரும் நொறுங்கியது. இருவரும் உயிர் பிழைத்தது வியப்பு. எஞ்சிய ஒரே ஆடியை ஃபேஸ்லர், லாட்டரர், ட்ரெலுயே மூவரும் மறுநாள் பகல் முழுதும் பெஜோ கார்களின் துரத்தலுக்கு நடுவே ஓட்டி, 24 மணி நேரத்துக்குப் பிறகு வெறும் 13.854 வினாடி இடைவெளியில் வென்றார்கள். 4,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பின் 14 வினாடி என்றால், தவறான இடத்தில் மாட்டிக்கொண்ட ஐந்தாறு ஜிடி கார்கள் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். அந்த வெற்றியில் எஞ்சினுக்கும் டயருக்கும் உள்ள பங்கு, மெதுவான கார்களை நிதானமாகக் கடந்ததற்கும் உண்டு. மெதுவான கார்கள் போட்டியைக் கெடுக்கின்றன என்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: அன்றைய போட்டியின் ஒரு பெரும்பகுதி அந்தக் கார்களைக் கடப்பதிலேயே நடந்தது.

பிரிவுகளை நீக்கினால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு நேரடிச் சோதனையே நடத்தியிருக்கிறது. 1982இல் தொடங்கிய ‘குரூப் சி’ காலம் பலரும் இன்றும் ஏக்கத்தோடு நினைக்கும் காலம். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்திய எளிய விதிக்குள் போர்ஷே 956உம் 962உம், ஜாகுவாரும் சாபர்-மெர்சிடிஸும் மோதின. அவற்றுக்குப் பின்னால் ‘சி2’ என்ற சிறு பிரிவில் ஸ்பைஸ், ஈக்குரி ஈகாஸ் போன்ற சிறிய பிரிட்டிஷ் அணிகள் குறைந்த பணத்தில் உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்டன. 1989 முடிவில் சி2 பிரிவு கைவிடப்பட்டது. அடுத்து, ஃபார்முலா ஒன் எஞ்சின்களை ஒத்த 3.5 லிட்டர் எஞ்சின் விதி வந்தது. ஒரே தரம், ஒரே வேகம், தொலைக்காட்சிக்கு ஏற்ற தெளிவான போட்டி என்பது நோக்கம். பணமில்லாத அணிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. 1992 லெ மானில் புறப்பட்டவை 28 கார்கள் மட்டுமே. 1953 முதல் நடந்துவந்த உலக ஸ்போர்ட்ஸ் கார் சாம்பியன்ஷிப் அந்த ஆண்டோடு நின்றுபோனது. செலவு, நிர்வாகக் குழப்பம், பொருளாதார மந்தம் என்று காரணங்கள் பல. பிரிவு நீக்கம் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் பெரிய நிறுவனங்கள் விலகியபோது தடத்தில் நிற்க வேண்டிய சிறிய அணிகள் அதற்கு முன்பே அனுப்பப்பட்டுவிட்டன. தாங்குவதற்கு அடித்தளம் இல்லாமல் மேல்தளம் விழுந்தது.

மீட்பும் கீழிருந்தே வந்தது. 1994இல் பிபிஆர் தொடர் தனியார் கையிலிருந்த ஜிடி கார்களைத் திரட்டி நெடுநேரப் பந்தயத்தை மீண்டும் தொடங்கியது. 1995இல் சாலைக்காரிலிருந்து பிறந்த மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர், லெட்டோ, டால்மாஸ், செக்கியா கைகளில் லெ மானையே வென்றது. இந்த வெற்றியே அடுத்த தவறுக்கும் தூண்டுகோலானது. சாலைக்கார் என்று பெயருக்குச் சிலவற்றை மட்டும் கட்டி, உண்மையில் பந்தயத்துக்கென்றே உருவாக்கிய போர்ஷே 911 ஜிடி1, மெர்சிடிஸ் சிஎல்கே-ஜிடிஆர் போன்றவை ஜிடி1 பிரிவுக்குள் நுழைந்தன. 1998 எஃப்ஐஏ ஜிடி தொடரின் பத்துப் பந்தயங்களையும் மெர்சிடிஸ் வென்றது. எதிர்க்க யாரும் எஞ்சவில்லை. ஜிடி1 பிரிவே கலைந்தது. 1999இல் அந்தத் தொடரைத் தொடர்ந்து நடத்தியவை அதற்குக் கீழிருந்த ஜிடி2 வகைக் கார்கள்தான். மேல்பிரிவு தன் செலவிலேயே எரிந்துபோக, கீழ்ப்பிரிவு இருந்ததால் மட்டுமே தொடர் பிழைத்தது. இருபது ஆண்டு கழித்து லெ மானிலும் இதே காட்சி. ஆடி 2016 முடிவிலும் போர்ஷே 2017 முடிவிலும் உச்சப் பிரிவை விட்டு விலக, ஹைப்ரிட் கார்களுடன் டொயோட்டா மட்டும் நின்றது. 2018 லெ மானில் புறப்பட்ட 60 கார்களில் உச்சப் பிரிவுக் கார்கள் பத்து. எல்எம்பி2 20, இரண்டு ஜிடி பிரிவுகள் 30. ஃபெர்னாண்டோ அலோன்சோ இடம்பெற்ற டொயோட்டா அணி நேருக்கு நேர் எதிரியின்றி வென்றபோது, தொழில்முறை ஜிடி பிரிவில் போர்ஷே, ஃபெராரி, ஃபோர்டு, கார்வெட், பிஎம்டபிள்யூ, ஆஸ்டன் மார்ட்டின் மோதிக்கொண்டிருந்தன. உச்சப் பிரிவுக்குக் கூட்டம் மீண்டும் திரும்பிய 2023 வரை பார்வையாளரை இருக்கையில் பிடித்துவைத்தவை இந்தப் போட்டிகளே.

பிரிவுகளுக்கு இடையிலான எல்லையை நேரம் சில சமயம் தானாகவே அழித்துவிடுகிறது என்பதும் ஈர்ப்பின் பெரும்பகுதி. அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் 2000இல் டாட்ஜ் வைப்பரும், 2001இல் கார்வெட்டும், 2003இல் போர்ஷே 911 ஜிடி3-ஆர்எஸ்ஸும் தங்களைவிட வேகமான பிரிவுகளை மீறி ஒட்டுமொத்த முதலிடம் பெற்றன. வேகமானவை பழுதாகி நின்றன. இவை நிற்காமல் ஓடின. 2017 லெ மானில் உச்சப் பிரிவுக் கார்கள் ஒவ்வொன்றாகச் சாய, ஹோ-பின் துங், தோமா லோரான், ஆலிவர் ஜார்விஸ் ஓட்டிய எல்எம்பி2 கார் பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் ஒட்டுமொத்த முன்னணிக்கு வந்தது. தொடக்கத்தில் பழுது நீக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் இழந்திருந்த போர்ஷே 919 ஒன்று, பந்தயம் முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கும்போதுதான் அதைப் பிடித்தது. எல்எம்பி2 கார் ஒட்டுமொத்தத்தில் இரண்டாவதாகவும் தன் பிரிவில் முதலாவதாகவும் முடித்தது. வேகத்துக்கும் உழைப்புக்கும் இடையே உண்மையான பேரம் நடப்பது இத்தகைய நாட்களில்தான். தனித்தனிப் பந்தயங்களாகப் பிரித்துவிட்டால் இந்தப் பேரத்துக்கே இடமில்லை.

எதிர்வாதங்களில் மிகக் கனமானது உயிர் பற்றியது. 1955 ஜூன் 11 மாலை, லெ மானில் பிட் பகுதிக்கு எதிரே, மைக் ஹாதார்னின் ஜாகுவார் பிட்டுக்குள் நுழைவதற்காகப் பிரேக் பிடித்தது. அதன் டிஸ்க் பிரேக்குகள் ஆற்றல் மிக்கவை. பின்னால் வந்த லான்ஸ் மேக்லினின் ஆஸ்டின்-ஹீலி விலகி இடப்பக்கம் வந்தது. அதைவிட வெகுவேகமாக வந்துகொண்டிருந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் அதன் மேல் ஏறிப் பறந்து மண்மேட்டில் மோத, சிதறிய பாகங்கள் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்தன. லெவேயும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். கார் பந்தய வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இல்லை. ஒரே தடத்தில் வேக வித்தியாசம் இருந்தது அதன் காரணங்களில் ஒன்று என்பதை மறுக்க முடியாது. 2012இலும் ஆண்டனி டேவிட்சனின் டொயோட்டா, ஒரு ஜிடி ஃபெராரியைக் கடக்கும்போது மோதிக் காற்றில் எழும்பியது. அவருடைய முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் முறிந்தன. இந்த அபாயம் பந்தயத்தின் உள்ளேயே இருக்கிறது, அதை நல்ல சொற்களால் மூடக் கூடாது.

ஆனால் அந்த விபத்துகள் எதைக் கற்பித்தன என்றும் பார்க்க வேண்டும். 1955இல் பந்தயத் தடத்துக்கும் பிட்டுக்கும் இடையே சுவர் இல்லை. பார்வையாளருக்கும் காருக்கும் நடுவே மண்மேடு மட்டுமே. முதல் பந்தயத்து வேகத்துக்குப் போதுமாக இருந்த அமைப்பு, முப்பது ஆண்டில் பன்மடங்கு உயர்ந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. தடத்தின் அமைப்பே மாற வேண்டியிருந்தது, மாற்றவும் பட்டது. ஓட்டுநர்கள் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து காரில் ஏறும் பழைய தொடக்க முறையும், 1969இல் முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் இறந்த பிறகு முடிவுக்கு வந்தது. ஜேக்கி இக்ஸ் அன்று ஓடாமல் நடந்தே போய்க் காரில் ஏறி, பெல்ட்டை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு கடைசியாகப் புறப்பட்டு, அந்தப் பந்தயத்தை வென்றும் காட்டினார். அந்த மரணத்துக்கும் பிரிவுகளுக்கும் தொடர்பில்லை. சீரான ஃபார்முலா ஒன்னிலும் அக்காலத்தில் ஆண்டுதோறும் உயிர்கள் போயின. அபாயத்தின் அளவைத் தீர்மானிப்பவை தடுப்பும், பயிற்சியும், எச்சரிக்கைக் கருவியும், விதிகளை அமல்படுத்தும் உறுதியும். வேக வித்தியாசத்தை நீக்குவதற்குப் பதில் அதைக் கையாளக் கற்பதே இந்த விளையாட்டு தேர்ந்த வழி. டேவிட்சன் தேறி வந்து 2014இல் செபாஸ்டியன் புவெமியோடு உலகப் பட்டம் வென்றார். அதே கலப்புப் பந்தயத்துக்குத்தான் அவர் திரும்பினார்.

இரண்டாவது எதிர்வாதம்: யார் வென்றார் என்பதே பார்ப்பவருக்குப் புரியவில்லை. இது ஓரளவு உண்மை. ஒளிபரப்பு பல நேரம் முன்னணிக் காரையே துரத்துகிறது. பின்னால் ஒரு பிரிவின் தலைமை கைமாறுவது திரையின் ஓரத்தில் எழுத்தாக ஓடி மறைகிறது. பிரிவுக்கு ஒரு நிறத்தில் எண் பலகை, தன் பிரிவின் முதல் மூன்று இடங்களில் உள்ள காரைக் காட்டும் பக்க விளக்கு போன்றவை கொஞ்சம் உதவுகின்றன. ஆனால் 24 மணி நேரம் நீளும் ஒரு போட்டியில் ஒரே கதை போதாது என்பதையும் நினைக்க வேண்டும். முன்னணிக் கார் இரண்டு சுற்று இடைவெளி எடுத்துவிட்டால் ஒற்றைப் பிரிவுப் பந்தயம் அங்கேயே முடிந்துபோகும். 2017இல் ஒட்டுமொத்த வெற்றி உறுதியாகியிருந்த கடைசி நிமிடங்களில், தொழில்முறை ஜிடி பிரிவில் ஜானி ஆடமின் ஆஸ்டன் மார்ட்டின், டயர் பழுதாகித் தடுமாறிய ஜோர்டன் டெய்லரின் கார்வெட்டை இறுதிச் சுற்றின் தொடக்கத்தில் முந்தியது. 24 மணி நேரம் சம பலத்தோடு ஓடிய இரு கார்களின் தலைவிதி ஒரு சுற்றில் மாறியது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த போட்டி அதுதான். கவனிக்கக் கொஞ்சம் உழைப்பு வேண்டும், அந்த உழைப்புக்கு ஈடாகப் பல மடங்கு திரும்பக் கிடைக்கிறது.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு முழு விடை என்னிடம் இல்லை. இன்றைய உச்சப் பிரிவிலும் ஜிடி3 பிரிவிலும் ‘செயல்திறன் சமன்பாடு’ என்ற ஏற்பாடு உண்டு. வேகமான காருக்கு எடை கூட்டுவதும் திறன் குறைப்பதும் நிர்வாகத்தின் கையில். 2023 லெ மானுக்குச் சில நாட்கள் முன்பு டொயோட்டாவுக்கு 37 கிலோவும் ஃபெராரிக்கு 24 கிலோவும் கூட்டினார்கள். பந்தயத்தை ஃபெராரி வென்றது. நல்ல காரைக் கட்டியவருக்குத் தண்டனையா என்ற கேள்வியோடு அப்போது எழுந்த கசப்பு நியாயமானது. ஆனால் இந்தக் குறையைப் பிரிவுகளின் தலையில் கட்டுவது பிழை. பிரிவு முறை வேறுபாட்டை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு அதற்கேற்ப அளவுகோலைத் தருகிறது. சமன்பாடோ ஒரே பிரிவுக்குள் இருக்கும் வேறுபாட்டை இல்லாததுபோல் ஆக்கப் பார்க்கிறது. இரண்டும் எதிர்த்திசை எண்ணங்கள். 1998இல் மெர்சிடிஸ் பத்துக்குப் பத்து வென்று போட்டியையே காலிசெய்ததை நினைத்தால், சமன்பாட்டை ஏன் கொண்டுவந்தார்கள் என்பது புரியும். ஏற்க வேண்டிய சமரசம் அது, கொண்டாட வேண்டியது அல்ல.

கடைசி எதிர்வாதம் பணம் பற்றியது: ஜிடி பிரிவில் இடம் வாங்கும் பணக்கார அமெச்சூர்கள் உலகத் தரப் பந்தயத்தில் ஏன் இருக்க வேண்டும்? நெடுநேரப் பந்தயம் ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்து, ஜிடி3 அணியில் ஒரு வெண்கல ஓட்டுநராவது இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. அவர் தரும் பணம் பல தனியார் அணிகளையும் அவற்றின் மெக்கானிக்குகளையும் வாழவைக்கிறது என்பது நடைமுறை விடை. அதைவிட நல்ல விடையும் உண்டு. நடிகர் பால் நியூமன் 1979 லெ மானில் போர்ஷே 935இல் இரண்டாம் இடம் பெற்றார். 1995இல், 70 வயதில், டேடோனாவில் தன் பிரிவை வென்ற அணியில் ஓட்டினார். டெக்சாஸ் கார் விற்பனையாளர் பென் கீட்டிங் 2022, 2023 என அடுத்தடுத்து லெ மானில் அமெச்சூர் ஜிடி பிரிவை வென்றார். 2023இல் தொடக்கத்திலேயே அவர்கள் கார் இரண்டு சுற்று பின்தங்கி, பிறகு மீண்டது. தொழில்முறை ஓட்டுநரோடு ஒரே காரை மாறிமாறி ஓட்டி, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றல்ல. சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2012இல் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியரானார். தனியார் அணியான ஜேஆர்எம்மின் காரில் ஒட்டுமொத்த ஆறாம் இடம் பெற்றார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, ஒட்டுமொத்த வரிசையில் முன்னால் இல்லாத ஒரு கார் எதைக் கொண்டாடுகிறது என்ற கேள்வி தமிழ்நாட்டின் வீடுகளிலும் எழுந்தது. அதற்கு விடை பிரிவு முறையின் முழு நியாயமும்தான்.

எல்லோரும் ஒரே கருவியோடு புறப்பட்டால்தான் போட்டி நேர்மையானது என்ற எண்ணம் இன்றைய விளையாட்டுகளில் பரவலாக உள்ளது. அந்த எண்ணத்துக்கு மதிப்பு உண்டு; நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அது பொருந்தும். ஆனால் கருவியே பாதிப் போட்டியாளராக இருக்கும் விளையாட்டில், எல்லோருக்கும் ஒரே கருவி என்பது நடைமுறையில் பெரும்பணம் படைத்த இரண்டு மூன்று நிறுவனங்களின் தனியறையாகச் சுருங்கிவிடுகிறது. 1992உம் 1998உம் அதைக் காட்டின. லெ மானை நிறுவியவர்கள் தேர்ந்தெடுத்த வழி வேறு: கருவிகள் சமமல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது, ஒவ்வொருவருக்கும் பொருத்தமான அளவுகோல் தருவது, எல்லோரையும் ஒரே சாலையில் விட்டு ஒருவருக்கொருவர் இடம்கொடுத்துப் போகச் சொல்வது. உச்சப் பிரிவின் ஓட்டுநர் ஜிடி ஓட்டுநரின் அடுத்த அசைவை நம்பித்தான் உள்ளே நுழைய முடியும். ஜிடி ஓட்டுநர் தன் போட்டியை விடாமலே அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும். இந்த இரட்டைப் பொறுப்பை 24 மணி நேரம், ஆயிரம் முறை, இருட்டிலும் மழையிலும் நிறைவேற்றுவதையே இந்தப் பந்தயம் வெற்றி என்கிறது. அடுத்த முறை விதிகளை எளிமையாக்கவும் செலவைக் குறைக்கவும் பேச்சு எழும்போது, முதலில் வெட்டப்பட வேண்டியது கீழ்ப்பிரிவு என்ற யோசனைதான் வழக்கம்போல் முன்வரும். இதுவரையிலான சான்றுகள் அதற்கு எதிராக நிற்கின்றன. கீழ்ப்பிரிவுகளைக் காப்பாற்றுவதே நெடுநேரப் பந்தயத்தைக் காப்பாற்றும் வழி.